மேட்டுக் கோயிலையும் அதன் சேமக்காலையையும் பற்றி எங்கள் பங்கின் அருட்பணிச் சபைக்கும் கட்டடக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அருட்பணிச் சபையினருக்கும், கட்டடக் குழுவினருக்கும், கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருந்தபடி இந்தப் பணிக்குப் பணம் சேர்த்து அனுப்பும் எங்கள் ஊர் உறவுகளுக்கும், இந்தப் பங்கிலே பிறந்து இங்கேயே மறைக்கல்வி கற்பித்து ஓய்ந்த ஒருத்தி வணக்கத்தோடு எழுதுவது.

புதிய ஆலயத்தின் வரைபடம் கோயில் முகப்பில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன்படி பழைய மேட்டுக் கோயில் அத்திவாரத்தோடு அகற்றப்படும். அதையொட்டிய சேமக்காலையின், அதாவது கல்லறைத் தோட்டத்தின், வடபுறம் மட்டப்படுத்தப்பட்டு வாகனத் தரிப்பிடமாகும். மிகுதியில் உரித்தாளர் வராத கல்லறைகள் நீக்கப்பட்டுப் பாதைக்குக் கல் பதிக்கப்படும். புதிய ஆலயம் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. பெருநாள் அன்று பாதிச் சனம் வெயிலில் நின்றே பூசை காண்கிறது. மாரி பிறந்தால் கூரையின் ஒரு பக்கம் ஒழுகுகிறது. ஆனால் மேட்டுக்குக் கிழக்கே பங்குக்குச் சொந்தமான வெறுங்காணி கிடக்கையில் புதியதை அங்கே எழுப்பலாம், பழையதைத் திருத்திச் செபக்கூடமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இதை நீங்கள் ஏற்காமல் விட்டாலும் ஒன்றை மட்டும் இரந்து கேட்கிறேன். அந்த மேட்டில் யார் யார் உறங்குகிறார்கள் என்பதை எழுதி முடிக்கும்வரை மண் தோண்டும் இயந்திரமான பெக்கோ ஒன்றும் அங்கே ஏறக்கூடாது. வடபுறத்தில் எழுதி முடித்த பின்பும் ஏறக்கூடாது.

வெளியூரில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்காக இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது மலையன்று, குளக்கட்டைவிடச் சற்றே உயர்ந்த ஒரு கற்திட்டி. ஆனால் வன்னி தட்டை நிலம். மார்கழியில் குளம் வான் பாய்ந்து வயலும் வீதியும் ஒன்றாகிப் போகும் நாட்களில் தண்ணீர் ஏறாத இடம் ஊரில் அதுவொன்றே. நெல் விளையாத மண், வெள்ளம் தொடாத மண். செத்த உடலைத் தண்ணீருக்குள் இறக்க மனம் வராதவர்கள் அந்த மேட்டைத் தெரிந்தெடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் நின்று செபிக்க ஒரு கொட்டிலும், கொட்டிலின் இடத்தில் பின்னர் சுண்ணாம்புச் சுவர்க் கோயிலும் வந்தன என்றே எங்கள் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். அதாவது, இங்கே சேமக்காலைதான் மூத்தது.

இந்தக் காட்டுக்குள் கத்தோலிக்கர் வந்ததே ஓடி வந்த கதைதான். 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற சனங்களை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் படை வெட்டிச் சாய்த்தது. அவர்களுடைய நினைவைத் தோட்டவெளியில் இன்றும் கொண்டாடுகிறோம். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்த பின் கரையோரமெங்கும் கோயில்கள் எழுந்தன. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போனபோது குருக்கள் துரத்தப்பட்டார்கள், பூசை தடைசெய்யப்பட்டது, கோயில்கள் பறிபோயின. அந்தக் காலத்தில் ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத நிலம் வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்களுடைய இந்தக் காடு. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இன்று மடு என்று சொல்லும் மருதமடுவுக்குள் புகுந்த வரலாற்றை மறைக்கல்வி வகுப்பிலே எத்தனையோ தலைமுறைக்கு நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். குருக்கள் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்து, 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தபோது, அவருக்காகக் காத்திருந்தவர்கள் செபமாலையை மட்டும் கையில் வைத்திருந்த சனங்கள். 2015 தை (சனவரி) 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தி, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தபோது நம்மில் பலர் அங்கே நின்றோம்.

மடுவின் கதை எழுதப்பட்டுவிட்டது. 1872இல் பொஞ்ஞான் ஆண்டகை அங்கே புதிய ஆலயத்துக்கு அடிக்கல் வைத்ததும், 1924 ஆடி 2ஆம் திகதி மாதாவுக்கு முடிசூட்டப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் மேட்டைப் போன்ற சிறு கோயில்களுக்கு அப்படியொரு நூல் இல்லை. 1847இலிருந்து இந்தப் பக்கம் வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாட்டுவண்டியிலும் குதிரையிலும் காட்டுவழி போய், காய்ச்சலில் விழுந்து எழுந்து, போகும் இடமெல்லாம் பதிவேடு எழுதினார்கள். நமக்கு இருக்கும் வரலாறு அந்தப் பதிவேடுகளும் இந்தக் கற்களும்தான்.

கற்களைப் பற்றிச் சொல்கிறேன். மேற்கு வாசலிலிருந்து சேமக்காலைக்குள் இறங்கியதும் இடப்பக்கத்தில், வேம்பின் வேருக்கு அருகே, தலை உடைந்த ஒரு கல் சாய்ந்து நிற்கிறது. உச்சிவெயிலில் பார்த்தால் அது வெறுங்கல். மாலை நாலரை மணிக்குப் பிறகு, வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்துகள் எழும்பி வரும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. கொம்பிலே குறில் நெடில் வேறுபாடு இல்லை. ஆண்டு பழைய தமிழ் இலக்கத்தில் ௲௮௱ என்று தொடங்குகிறது, ஆயிரத்து எண்ணூற்றுக்குப் பிறகு வரும் இலக்கங்களோடு கல் முறிந்துவிட்டது. யாருடைய பெயரென்று முழுதாக வாசிக்க முடியவில்லை. ஆனால் அது ஒரு பெண்ணின் பெயர். கடைசியில் 'பெண்சாதி' என்ற சொல் தெளிவாக இருக்கிறது. ஊரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய எழுத்து இதுவென்றே நினைக்கிறேன். வரைபடத்தில் அந்த இடத்துக்கு நேரே நடைபாதை ஓடுகிறது.

இன்னும் உள்ளே நடந்தால் வன்னியின் இடப்பெயர்வு முழுவதும் வரிசையாகக் கிடக்கிறது. முதலில் பழைய குடிகள்: சந்தியோகு, சூசைப்பிள்ளை, மரியாம்பிள்ளை, கயித்தான் என்று தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துக்கொண்டே போன குடும்பங்கள். அடுத்து, 1958க்கும் 1977க்கும் பின் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவர்களுடைய சிலுவைகளில் பிறந்த இடம் என்று தோட்டத்தின் பெயர் எழுதியிருக்கும். அதற்கும் அப்பால், 1995 ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுதும் எழும்பி வந்த பிறகு இங்கே கண்மூடிய முதியவர்கள். 'ஊருக்குப் போனதும் எடுத்துச் செல்வோம்' என்று சொல்லித் தற்காலிகமாக அடக்கம் செய்தார்கள். எடுக்க யாரும் வரவில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். உரித்தாளர் வராத கல்லறைகள் என்று உங்கள் பட்டியலில் குறிக்கப்பட்டிருப்பவற்றில் பெரும்பகுதி இவர்களுடையதே. உரித்தாளர் வராததற்கு இவர்கள் என்ன செய்வார்கள்? விருந்தாளியாக வந்து எங்கள் மண்ணில் செத்தவர்களுக்கு நாமே உரித்தாளர்.

வடபுறத்துக்கு வருகிறேன். அங்கே சிலுவை இல்லை, பெயர் இல்லை; கைக்கடக்கமான கற்களைச் சுற்றி அடுக்கிய சிறு மேடுகள், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், சில அதைவிடக் குறைவு. புதர் வெட்டப் போகும் இளைஞர்கள் அவற்றைப் பழைய அத்திவாரக் கல் என்று நினைக்கிறார்கள். அவை திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தைகளின் குழிகள். திருமுழுக்கு இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த நிலத்தில் இடமில்லை என்று ஒரு காலத்தில் திருச்சபையிலே ஒழுங்கு இருந்தது. ஆகவே சேமக்காலை வேலிக்கு வெளியே, ஆனால் வேலியைத் தொட்டுக்கொண்டு, தகப்பன்மார் இரவிலே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். தாய்மாருக்குப் போக அனுமதியில்லை. மலேரியாவிலும் வயிற்றோட்டத்திலும் வன்னியில் எத்தனை பிள்ளைகள் தாயின் மடியை விட்டுப் போயின என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது, ஏனெனில் திருமுழுக்குப் பெறாத பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்வளையங்கள் மட்டுமே சாட்சி. பிற்காலத்தில் வேலி தள்ளிப் போடப்பட்டபோது அவர்கள் உள்ளே வந்தார்கள். பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1183ஆம் இலக்கத்தில் இடம் தருகிறது. திருச்சபை தன் கதவைத் திறந்த பிறகு, நாம் அந்தப் பிள்ளைகளின் மேலே வாகனங்களை நிறுத்தப் போகிறோமா? இந்த ஒரு விடயத்தில் என்னால் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது.

கற்களை எழுதிவைப்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று கூட்டத்திலே ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிப் பெரிய கைநூல் எழுதிய ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ், 1913இல் இலங்கைத் தீவிலுள்ள கல்லறைக் கல்வெட்டுகளையும் நினைவுக் கற்களையும் தொகுத்து வெளியிட்டார். அதிலே பெரும்பாலும் ஐரோப்பியர்தான். காய்ச்சலில் செத்த துரைக்கும் பிரசவத்தில் செத்த துரைசாணிக்கும் வரி வரியாக இடம் இருக்கிறது. எங்கள் பாட்டன் பாட்டிமார் அந்தத் தொகுப்புக்குள் வரவில்லை. ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் தோற்ற நாள் 1803 ஐப்பசி 31 என்று நாம் சொல்கிறோமே, அதைக் கற்சிலைமடுவில் ஊருக்குச் சொன்னது வென்றவர்கள் நட்ட கல்தான். கல் நடாதவர்களின் வரலாற்றை மற்றவர்கள் எழுதுவார்கள் என்பதற்கு வன்னியைவிட வேறெங்கே சான்று தேடுவது?

அண்மைக்காலத்துக்கு வாருங்கள். 2013 மார்கழியில் திருக்கேதீஸ்வரத்தில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அது பழைய மயானம் என்றார்கள் சிலர். அங்கே மயானமே இருந்ததில்லை என்றார்கள் ஊரவர்கள். மேசையில் விரித்துக் காட்ட எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு வரைபடம் இல்லாததால் அந்த வழக்கு எவ்வளவு காலம் இழுபட்டது என்பதை நாம் கண்டோம். 2018இல் மன்னாரில் அரச விற்பனை நிலையமான சதொச வளாகத்திலும், 2023 ஆனியில் கொக்குத்தொடுவாயிலும் அதேபோல அத்திவாரமும் குழாயும் வெட்டியபோதே எலும்புகள் வெளிப்பட்டன. நமது மேட்டிலே சேமக்காலை எதுவரை நீள்கிறது, எந்த ஆண்டுக்குரிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று அளந்து குறித்த ஒரு தாள் இல்லாமல் அதை மட்டப்படுத்தினால், நாளைக்கு அந்தப் பக்கத்தில் ஓர் எலும்பு வெளிவரும்போது அது யாருடையது, எக்காலத்தது என்று நீதவானுக்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இராது. காணாமற் போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் இதே பங்கில் இருக்கிறார்கள். எந்த மண்ணில் யார் கிடக்கிறார்கள் என்பதைத் தெளிவாக வைத்திருப்பது அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமையும் ஆகும்.

காணி விடயமும் இருக்கிறது. 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளத்தவர்களும், 1992இல் வெளியேறி 2018 சித்திரையில் தாங்களாகவே படகேறித் தீவுக்குத் திரும்பிய இரணைதீவு மக்களும், தங்கள் ஊருக்காகப் போராடியபோது கோயிலைச் சுற்றியே நின்றார்கள். உறுதியும் அனுமதிப்பத்திரமும் எரிந்தும் நனைந்தும் போன இடத்தில், தன் பாட்டனுடைய கல்லறையைக் கைகாட்டி 'நான் இந்த ஊரவன்' என்று சொல்ல முடிந்தவன் பாக்கியவான். பழைய வழிபாட்டிடங்களான குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் யாருக்கு உரியவை என்ற தகராறில் வன்னியில் என்ன பாடுபடுகின்றன என்று தெரிந்தவர்கள், மேட்டு நிலத்திலுள்ள பழைய அடையாளத்தைத் தம் கையாலேயே அழித்துவிட்டுப் பின்னர் உரிமை பேச முடியாது என்பதையும் அறிவார்கள். 1815ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றையே தொல்பொருட் சட்டம் தானாகப் பாதுகாக்கும். பிற்பட்டவற்றுக்குத் தனியாக அறிவித்தல் வேண்டும். அந்த வழியில் போக நம்மவர்கள் தயங்குவதற்கான காரணம் எனக்கு விளங்குகிறது. அதனாலேதான் நாமே எழுதி, நாமே அளந்து, ஆயர் இல்லத்தில் ஒரு பிரதியும் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதியும் வைக்க வேண்டும் என்கிறேன்.

2009க்குப் பின், போரில் மடிந்த போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களைக் கனரக இயந்திரங்கள் உழுதுபோட்டபோது நாம் எல்லோரும் அழுதோம். அங்கே பிள்ளையை விதைத்த தாய்மார் உடைந்த கல்லின் துண்டையாவது எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த வேதனையை அறிந்த சனம், தன் சொந்தச் சேமக்காலையில் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதே இயந்திரத்தை ஏற்றலாமா? உங்கள் நோக்கம் அதுவன்று என்பது எனக்குத் தெரியும். ஆயினும் மண்ணுக்கடியில் கிடப்பவர்களுக்கு நடப்பது ஒன்றுதான்.

கோயில் கட்டடத்தைப் பற்றிச் சிறிது. சுவர் இற்றுப்போய்விட்டது, நிற்காது என்பது ஒப்பந்தகாரரின் கருத்து. கீழ்ப்பகுதியில் சாந்து பொரிந்து விழுவதை நானும் பார்க்கிறேன். ஆனால் பொரிவது சுண்ணாம்புச் சாந்து அல்ல. போருக்குப் பின் திருத்தியபோது இடுப்பளவுக்கு மேலாகப் பூசிய சீமெந்து. சுண்ணாம்பிலே கட்டிய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை இழுத்து வெயிலிலே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை, உப்பு உள்ளேயே படிந்து கல்லைத் தள்ளும். சீமெந்தை உரித்துவிட்டு, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலி வைத்து, மறுபடி சுண்ணாம்பு பூசினால் அந்தச் சுவர் நின்றுபிடிக்குமா என்பதைப் பழைய கட்டடங்களைத் திருத்திய அனுபவமுள்ள ஒரு பொறியியலாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும். கோயில்களைக் கட்டும்போதும் திருத்தும்போதும் நிபுணர்களின் ஆலோசனை பெறவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1216ஆம் இலக்கமே சொல்கிறது. உடைத்தால் வேலை பெறுபவரிடம் மட்டும் கேட்டு உடைக்கத் தீர்மானிப்பது நியாயமாகாது.

பதிவேடுகள் பற்றியும் ஒரு வார்த்தை. திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவுகளைப் பங்கிலே வைத்திருக்கவேண்டும் என்றும், பழையவற்றைக் கவனமாகப் பேணவேண்டும் என்றும் 535ஆம் இலக்கம் கட்டளையிடுகிறது. எங்கள் பழைய புத்தகங்கள் இரண்டு, இடப்பெயர்வின்போது தறப்பாளில் சுற்றப்பட்டு ஒரு குடும்பத்தின் உழவு இயந்திரப் பெட்டியில் போய், முகாமுக்குள்ளும் கூடவே இருந்து திரும்பி வந்தவை. இலத்தீனில் எழுதப்பட்ட அந்தப் பக்கங்கள் இப்போது பூசைப் பொருட்கள் வைக்கும் சக்கிறீஸ்து அறையின் இரும்பு அலுமாரியில், கறையான் அரித்த ஓரங்களோடு கிடக்கின்றன. கூரை பிரிக்கும் நாளிலா அவற்றைப் பற்றி யோசிக்கப் போகிறோம்? இன்றைக்கே படம் பிடித்து, பக்க வரிசை கெடாமல் இரண்டு இடங்களில் சேமிக்க ஒரு கைத்தொலைபேசியும் பொறுமையுள்ள இரண்டு பிள்ளைகளும் போதும்.

கல்லறைகளுக்கும் அவ்வளவுதான் தேவை, கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தோடு ஒரு வரைபடம். காலையிலோ மாலையிலோ பக்க வெயிலில் எடுத்த படம். எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல், பிழையிருந்தாலும் திருத்தாமல், பார்த்து எழுதிய ஒரு தாள். எழுத்தே இல்லாத மேடுகளுக்கும் இலக்கம் இடவேண்டும். மரித்தோர் திருநாளுக்கு முன்னர் கம்பித் தூரிகையால் தேய்த்து வெள்ளையடிக்கும் வழக்கத்தை இந்த ஆண்டாவது தள்ளிவையுங்கள். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும், ஒவ்வொரு தேய்ப்பிலும் ஓர் எழுத்தின் ஆழம் குறைகிறது. முதியவர்களை நாற்காலியில் இருத்தி மேட்டுக்குத் தூக்கிச் சென்று, எது யாருடையது என்று கேட்டுக் குறிக்க வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இந்தப் பங்கில் சிலரே இருக்கிறார்கள், வடபுறத்துக் குழிகளைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. இதற்குத் தனியான நிதி கேட்கவில்லை. மறைக்கல்வி வகுப்பின் மேல்வகுப்புப் பிள்ளைகளும் இளையோர் மன்றத்தினரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு உறவுகளிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் அனுப்பும் பணத்தில் உங்கள் உழைப்பும் ஊர்மேல் உள்ள ஏக்கமும் இருக்கின்றன. கட்டடக் குழுவோடு பேசும்போது உங்கள் பாட்டனுடைய கல்லறை எந்த இடத்தில் இருக்கிறது, வரைபடத்தில் அந்த இடத்தில் என்ன வருகிறது என்று கேளுங்கள். பழைய அடக்கப் படங்கள் உங்கள் அல்பங்களில் இருக்கும். 1980களிலும் 90களிலும் எடுத்த அப்படங்களின் பின்னணியில் இப்போது இல்லாத கற்கள் தெரியக்கூடும். அவற்றைப் படமெடுத்துப் பங்குத்தந்தைக்கு அனுப்பி வையுங்கள்.

மழை ஐப்பசியில் பிடித்துவிடும். அதன் பிறகு தை வரை மேட்டில் வேலை செய்ய முடியாது. எனவே கட்டட ஒப்பந்தத்துக்கான கேள்வி மனுவை தை மாதத்துக்குப் பின்னர் கோருவதென்றும், அதற்குள் கற்களையும் பதிவேடுகளையும் எழுதி முடிப்பதென்றும், வடபுறத்தை வரைபடத்திலிருந்து முற்றாக நீக்கி அதற்கு ஒரு வேலியும் ஒரு சிலுவையும் வைப்பதென்றும், அடுத்த பங்குப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தரிப்பிடத்துக்கு வீதியோரமாகக் கிடக்கும் கோயிற் காணியைப் பாவிக்கலாம். அங்கிருந்து மேடு நூறு யார் தூரம்கூட இல்லை. நடக்க ஏலாதவர்களை ஏற்றி வர ஒரு முச்சக்கர வண்டி போதும். இந்த மடலின் பிரதியொன்றைப் பங்குத்தந்தை அவர்களிடமும் ஆயர் இல்லத்திலும் கையளித்திருக்கிறேன். கூட்டத்துக்கு நானும் வருவேன். கல்லறைகளை எழுதும் வேலைக்கு முதல் நாளே கொப்பியோடு வந்து நிற்பேன்.

இறைவனில் உங்கள்,
பங்கின் ஓய்வுபெற்ற மறையாசிரியை ஒருத்தி